இதாக்காவின் தேனீக்காரர்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இதாக்கா என்ற ஊரில் இருக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தேனீ ஆய்வைப் பற்றி ஒரு பதிலுக்கு நடுவே நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதனால் இந்த முறை முழுக்க அதுதான்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் தேனீக்கென்று தனியாக ஒரு துறையா? யார் ஆரம்பித்தது? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

தனித் துறை இல்லை. பூச்சியியல் துறைக்குள் ஒரு பிரிவு. அதற்கு உருவம் கொடுத்தவர் எவரெட் பிராங்க்ளின் பிலிப்ஸ். வாஷிங்டனில் அரசு வேளாண் துறையின் தேனீப் பிரிவுக்கு ஏறக்குறைய இருபது வருடம் தலைவராக இருந்துவிட்டு 1924இல் கார்னெலுக்கு வந்தார்.

வந்தவர் முதலில் கவலைப்பட்டது எதைப் பற்றித் தெரியுமா? நூலகம். தேனீ வளர்ப்பைப் பற்றி உலகத்தில் எந்த மொழியில் அச்சானதும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்குப் பணம்? மாநிலத்தில் இருந்த தேனீ வளர்ப்பவர்களிடம் போய், உங்கள் பெட்டிகளில் ஒன்றை மட்டும் நூலகத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள், அந்தப் பெட்டித் தேனை விற்று ஐம்பது டாலர் சேர்ந்ததும் கொடுத்துவிடுங்கள், நீங்களும் நூலகத்தின் புரவலர் என்றார். கொடுத்தார்கள். பெட்டிக்குள் ஓடி ஓடி வேலை செய்த தேனீக்கள்தான் தங்களைப் பற்றிய புத்தகங்களுக்குக் காசு கட்டின என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. அந்தத் தொகுப்பு இன்றும் கார்னெலின் மான் நூலகத்தில் பிலிப்ஸ் பெயரிலேயே இருக்கிறது.

அதில் ஒரு பொக்கிஷம், லாங்ஸ்ட்ராத் பாதிரியார் கைப்பட எழுதிய குறிப்பேடு. இன்று உலகம் முழுக்கப் புழங்கும், அடை கட்டிய மரச் சட்டங்களை உருவி எடுக்கிற தேனீப் பெட்டியை 1851 வாக்கில் யோசித்தவர் அவர். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இடம் விட்டால் தேனீக்கள் அதை நடைபாதையாக வைத்துக்கொள்ளும், அதைவிடக் குறைந்தால் பிசின் வைத்து ஒட்டும், கூடினால் அங்கேயும் அடை கட்டிவிடும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. ஆனால் அது வருவதற்கு முன்னால் அடையைக் கத்தியால் அறுக்காமல் கூட்டுக்குள் பார்க்க வசதியான வழி இல்லை.

கேள்வி: நான் வாங்கிய தேன் நெய் மாதிரி உறைந்துவிட்டது. கலப்படம் என்று சண்டை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். தேன் உறைவதைப் பற்றி கார்னெலில் ஆராய்ச்சியே நடந்தது என்கிறீர்களே? (இல்லத்தரசி ஒருவர்)

அம்மா, உறைந்த ஒரே காரணத்துக்காகத் தேனைச் சந்தேகப்பட வேண்டாம். குளுக்கோஸ் அதிகமுள்ள நல்ல தேனும் உறையும். எந்தப் பூவின் தேன் என்பதைப் பொறுத்து சில வாரத்திலோ சில வருடத்திலோ குருணை கட்டும். உறைந்ததை வைத்துக் கலப்படம் என்றும் சொல்ல முடியாது, உறையாததை வைத்துச் சுத்தம் என்றும் சொல்ல முடியாது.

உண்மையான தொல்லை வேறு. குளுக்கோஸ் படிகமாகும்போது நடுவில் மிஞ்சி நிற்கிற திரவத்தில் தண்ணீரின் பங்கு கூடிவிடுகிறது. தேனில் எப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும் காட்டு ஈஸ்டுகளுக்கு அந்தக் கொஞ்சம் தண்ணீர் போதும். எழுந்து வேலையைத் தொடங்கிவிடும், தேன் நுரைத்துப் புளிக்கும். குளிர் நாட்டில் தேன் பெரும்பாலும் உறைந்துபோகும், அதனால் டப்பா டப்பாவாகப் புளித்து நஷ்டமானது.

இதை எடுத்துக்கொண்டவர் எல்டன் டைஸ். உறைவதைத் தடுக்க முடியவில்லை என்றால் நமக்கு வேண்டியபடி உறைய வைப்போம் என்பது அவர் வழி. தேனை 66 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி வடிகட்டினார். ஈஸ்டும் போயிற்று, ஏற்கெனவே இருந்த கரடுமுரடான படிகங்களும் கரைந்தன. அப்புறம் சீக்கிரமாக 24 டிகிரிக்கு ஆற வைத்து, நைசாக அரைத்த உறைந்த தேனைப் பத்தில் ஒரு பங்கு அளவில் கலந்து, 14 டிகிரிக் குளிரில் ஒரு வாரம் போல விட்டார். பாலுக்கு உறை மோர் ஊற்றுகிற அதே யோசனைதான்: எந்த மாதிரி உறையை ஊற்றுகிறோமோ அந்த மாதிரி தயிர். நைசான படிகத்தை விதைத்தால் மொத்தத் தேனும் நாக்கில் மணலாகத் தட்டாமல் வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாக உறைந்தது. 1935இல் காப்புரிமை கிடைத்தது. உரிமை கார்னெல் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது, அதில் வந்த வருமானம் தேன் ஆய்வுக்குப் போனது. பிலிப்ஸுக்குப் பிறகு தேனீப் பிரிவை நடத்தியவரும் அவர்தான். 1968இல் உருவான ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

கேள்வி: ராணித்தேனீக்குச் செயற்கைக் கருவூட்டல் முதலில் நடந்தது அங்கேதானா?

நம்பி எடுத்துச் சொல்லும்படியான முதல் வெற்றி அங்கேதான். லாயிட் வாட்சன் என்பவர், 1926, 27 வாக்கில். ராணி கூட்டுக்குள் இணை சேராது, வானத்தில் பறந்துதான் சேரும், அதுவும் பல ஆண்தேனீக்களோடு. அதனால் எந்த ஆணோடு எந்த ராணி என்று மனிதர்கள் தீர்மானிக்க வழியே இல்லாமல் இருந்தது. வாட்சன் ராணியை அசையாமல் பிடித்து வைத்து, நுண்ணோக்கிக்கு அடியில் மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயால் அதைச் செய்தார். பல முறை தோற்றது. ராணியின் உடலுக்குள் ஒரு சின்ன மடிப்பு வழியை மறைக்கிறது என்று பின்னால் ஹாரி லெயிட்லா கண்டுபிடித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அவர் பின்னாளில் கலிபோர்னியாவின் டேவிஸில் இன்னொரு பெரிய தேனீ ஆய்வுக்கூடத்தை வளர்த்தவர். அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கேள்வி: தேனீக்கள் ஓட்டுப் போட்டு வீடு பிடிக்கின்றன என்று படித்தேன். இது யார் பார்த்த விஷயம், எப்படிப் பார்த்தார்கள்? (கல்லூரி மாணவர்)

இந்தக் கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதலாம், எனக்கு மிகப் பிடித்த பகுதி.

முதலில் பார்த்தவர் ஜெர்மனிக்காரர், மார்ட்டின் லிண்டாவர். ரஷ்யப் போர்முனையில் அடிபட்டுத் திரும்பியவர். சிகிச்சைக்காக மியூனிக்கில் இருந்தபோது, ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று தேனீக்கள் மற்றவற்றுக்கு ஆடிக் காட்டுகிற நடனத்துக்குப் பொருள் சொன்ன கார்ல் வான் ஃபிரிஷ் அவர்களின் வகுப்பு ஒன்றைக் கேட்டுவிட்டு அவரிடமே மாணவராகச் சேர்ந்தார். 1949இல் ஒரு நாள், கூட்டிலிருந்து பிரிந்து புதரில் கொத்தாகத் தொங்கிய தேனீக் கூட்டத்தின் மேல் சில தேனீக்கள் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பூந்தோட்டத்திலிருந்து வந்திருந்தால் உடம்பில் மகரந்தம் இருக்க வேண்டும். இவற்றின் மேல் இருந்தது புகைக்கரி, செங்கல் தூள். குண்டு விழுந்து இடிந்து கிடந்த ஊர் அது. புகைபோக்கியிலும் சுவர்ப் பொந்திலும் நுழைந்து வீடு தேடிவிட்டு வந்து ஆடுகின்றன என்று அவருக்குப் புரிந்தது.

லிண்டாவரின் மாணவர் பெர்ட் ஹோல்டோப்ளர். அவருடைய மாணவர் தாமஸ் சீலி. இந்தச் சீலி இதாக்கா பக்கத்திலேயே வளர்ந்த பையன். பள்ளியில் படிக்கும்போதே ஒரு தேனீக் கூட்டத்தை மரப்பெட்டியில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர். கல்லூரி விடுமுறைதோறும் ஊருக்கு வந்து டைஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். அங்கே அவரைத் தட்டிக்கொடுத்து வளர்த்தவர் பேராசிரியர் ரோஜர் மோர்ஸ். ஏறக்குறைய நாற்பது வருடம் கார்னெலில் பாடம் நடத்தியவர், தேனீ வளர்க்கும் சாதாரண ஆட்களுக்காகவே நிறைய எழுதியவர், 2000இல் மறைந்தார்.

மோர்ஸும் சீலியும் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி: மனிதன் பெட்டி கொடுக்காவிட்டால் தேனீ எப்படிப்பட்ட வீட்டில் வாழும்? இதாக்காவைச் சுற்றி இருந்த 21 பொந்து மரங்களை வெட்டிப் பிளந்து, உள்ளே இருந்ததை அடி அடியாக அளந்தார்கள். அந்தக் கூடுகள் அதோடு முடிந்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். பெரும்பாலான பொந்துகள் ஏறக்குறைய 40 லிட்டர் கொள்ளளவில் இருந்தன, பெரிய பெட்டிகளில் வளர்க்கிற நாம் கொடுக்கிற இடத்தில் கால் பங்குதான். வாசல் சின்னது.

சரி, இருட்டுப் பொந்துக்குள் ஒரு தேனீ 40 லிட்டரை எப்படி அளக்கும்? சீலி உருளை வடிவத்தில் ஒரு பெட்டி செய்தார். அதன் சுவர் மட்டும் வெளியிலிருந்து சுழற்றும்படி இருக்கும், வாசல் நகராது. வேவு பார்க்க வந்த தேனீ உள்ளே சுவரில் ஊரும்போது, அது போகிற திசைக்கு எதிராகச் சுவரை மெல்லச் சுழற்றினால் ஒரு சுற்று முடிக்க அது கூடுதலாக நடக்க வேண்டும். போகிற திசையிலேயே சுழற்றினால் கொஞ்சம் நடந்தாலே சுற்று முடிந்துவிடும். பெட்டி ஒன்றுதான். ஆனால் அதிகம் நடந்த தேனீ பெரிய வீடு என்று நம்பித் துணைக்கு ஆள் கூட்டி வந்தது, குறைவாக நடந்தது அந்த அளவுக்கு அழைக்கவில்லை. அப்படியானால் தேனீ நடந்து நடந்துதான் இடத்தை அளக்கிறது. ஒரு வீட்டைப் பார்த்து முடிக்க அரை மணிக்கு மேல் எடுத்துக்கொண்டு உள்ளே மொத்தம் 50 மீட்டருக்கு மேல் நடக்கும்.

அப்புறம் ஓட்டு. அதைப் பார்க்கப் பெரிய மரமே இல்லாத இடம் வேண்டும், இல்லாவிட்டால் நாம் வைத்த பெட்டியை விட்டுவிட்டு ஏதாவது பொந்தைக் கண்டுபிடித்துவிடும். மெய்ன் மாநிலக் கடலோரத்தில் ஆப்பிள்டோர் என்ற பாறைத் தீவு அதற்குக் கிடைத்தது. இதாக்காவில் வேறொரு சோதனைக்காக அவரும் ஒரு மாணவியும் ஒரு கூட்டத்திலிருந்த சுமார் 4,000 தேனீக்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து எண் ஒட்டினார்கள். நாலாயிரம்! ஒரு தேனீயைக் குளிரவைத்து, முதுகில் பசை தொட்டு, எண் எழுதிய சின்னத் தகட்டை வைத்து, அடுத்ததை எடுத்து, இப்படியே. எந்தத் தேனீ எந்த இடத்துக்காக எத்தனை முறை ஆடியது என்று ஆள் ஆளாகத் தெரிந்தது அதனால்தான்.

அவர் கண்டது இது. நல்ல வீட்டைப் பார்த்த தேனீ அதிகச் சுற்று ஆடும், சுமாரான வீட்டைப் பார்த்தது கொஞ்சமாக ஆடும். ஒவ்வொரு முறை போய் வந்ததும் தன் ஆட்டத்தைத் தானே குறைத்துக்கொண்டு கடைசியில் நிறுத்திவிடும், எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் சரி. பிடிவாதம் பிடிக்கிற தேனீ கிடையாது. அதனால் சுமாரான வீடுகளுக்கு ஆதரவு தானாக வற்றிப்போகிறது. ஏதோ ஓர் இடத்து வாசலில் இருபது முப்பது தேனீக்கள் ஒரே நேரத்தில் கூடிவிட்டால் முடிவு எடுத்தாயிற்று. திரும்பி வந்து பீப்பி ஊதுவது போல ஒலி எழுப்பி, தொங்குகிற கூட்டம் முழுவதையும் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளச் செய்து, எல்லாம் 35 டிகிரிக்கு வந்ததும் கிளம்பிவிடும். தீவில் ஒரு நல்ல பெட்டியும் நாலு சுமாரான பெட்டிகளும் வைத்துப் பார்த்தபோது ஐந்தில் நாலு முறை நல்லதையே பிடித்தன. ஐந்தாவது முறை தவறின. அந்தத் தவறையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார், எனக்கு அவரிடம் மரியாதை கூடியது அங்கேதான்.

கேள்வி: இதெல்லாம் படிக்கச் சுவாரசியம்தான். உலகத்துக்கு என்ன பயன்? (ஓய்வு பெற்ற அரசு ஊழியர்)

ஐயா, ஒன்றே ஒன்று சொல்கிறேன். 1981இல் அமெரிக்க அரசு, லாவோஸிலும் கம்போடியாவிலும் வானத்திலிருந்து மஞ்சளாக ஏதோ விழுகிறது, அது சோவியத் யூனியன் கொடுத்த நச்சு ஆயுதம் என்று உலகத்தின் முன் குற்றம் சாட்டியது. மஞ்சள் மழை என்று பெயர். இலைகளில் இருந்த அந்த மஞ்சள் பொட்டுகளைப் பார்த்தால் உள்ளே எல்லாம் மகரந்தம். ஹார்வர்டு விஞ்ஞானி மேத்யூ மெசல்சன் இதை விசாரித்தபோது, தாய்லாந்தில் காட்டுத் தேனீக்களோடு வாழ்ந்து வந்த சீலிக்கு அது என்னவென்று தெரிந்தது: தேனீயின் எச்சம். அவர்கள் இருவரும், கார்னெலில் முனைவர் பட்டம் பெற்ற தாய்லாந்துத் தேனீ அறிஞர் பொங்தெப் அக்ரதனகுல் அவர்களும் 1984இல் தாய்லாந்துக் காட்டுக்குப் போனார்கள். மலைத்தேனீக்கள் கூட்டமாகப் பறந்து ஒரே நேரத்தில் கழிப்பதால் மஞ்சள் தூறல் விழுவதை நேரில் பார்த்தார்கள், அவர்கள் மேலேயே விழுந்தது. இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே போர்ப் பேச்சாக ஆன விஷயம். தேனீயைத் தேனீக்காக மட்டுமே பார்த்துவந்த சிலர் இல்லாவிட்டால் யார் அதை அடையாளம் கண்டிருப்பார்கள்?

கேள்வி: உலகம் முழுக்கத் தேனீக்கள் சாகின்றன என்கிறார்கள். அதற்கு இந்த ஆய்வு என்ன சொல்கிறது? நான் இருபது பெட்டி வைத்திருக்கிறேன்.

பெட்டி வைத்திருப்பவர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வரோவா என்ற உண்ணி அமெரிக்காவில் 1987இல் தென்பட்டது. 1990களின் நடுவில் இதாக்கா பக்கம் பரவியபோது, மருந்து வைக்காத கூடுகள் ஒன்றிரண்டு வருடத்தில் காலியாயின. காட்டில் இருந்தவை எல்லாம் போயிருக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

கார்னெலுக்கு ஆர்நாட் என்று ஒரு காடு சொந்தம், சுமார் 1,700 ஹெக்டேர். 1978இல் சீலியும் கிர்க் விஷரும் அதில் ஒரு பகுதியைச் சுற்றி 9 காட்டுக் கூடுகளைக் கண்டுபிடித்துக் குறித்து வைத்திருந்தார்கள். 2002இல் சீலி அதே காட்டுக்குத் திரும்பப் போனார்.

எப்படித் தேடுவது என்று பாருங்கள். கையில் ஒரு சின்ன மரப்பெட்டி, அதில் ஒரு துண்டு பழைய அடை, அடையில் சோம்பு வாசனை போட்ட சர்க்கரைப் பாகு. பூவில் உட்கார்ந்த தேனீயைப் பெட்டிக்குள் பிடித்து மூடி இருட்டாக்கினால் அது பாகைக் கண்டுபிடித்துக் குடிக்க ஆரம்பிக்கும். குடிக்கிற நேரத்தில் முதுகில் ஒரு பொட்டு வண்ணம். திறந்துவிட்டால் வட்டமடித்துவிட்டு வீட்டுத் திசையில் நேராகப் பறக்கும். அந்தத் திசையைத் திசைகாட்டியில் குறித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதே பொட்டுத் தேனீ இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்பினால் வீடு பக்கம், பத்துப் பதினைந்து நிமிடம் ஆனால் தூரம். பெட்டியை அந்தத் திசையில் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி உட்கார்ந்து, மறுபடி நகர்த்தி, கடைசியில் ஒரு மரத்தடியில் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கும்போது உயரத்தில் ஒரு பொந்து வாசலில் இறக்கைகள் மின்னும்.

2002இல் 8 கூடுகள் இருந்தன. உண்ணி இல்லாததாலா? அதுவும் இல்லை, உண்ணி இருந்தது. பின்னே எப்படிப் பிழைத்தன?

பதிலில் ஒரு பகுதி அலமாரியில் காத்திருந்தது. 1977இல், உண்ணி வருவதற்கு முன்பு, அந்த வட்டாரத்தில் பிடித்த காட்டுத் தேனீக்களைக் குண்டூசியில் குத்திக் கார்னெலின் பூச்சிச் சேகரிப்பில் வைத்திருந்தார்கள். மரபணுவைப் படிக்கலாம் என்று அன்றைக்கு யாரும் கனவு கண்டிருக்க மாட்டார்கள். பல வருடம் கழித்து அவற்றையும் புதிதாகப் பிடித்தவற்றையும் பக்கத்தில் வைத்து மரபணுவை ஒப்பிட்டு, முடிவை 2015இல் வெளியிட்டார்கள். தாய் வழியாக வரும் பழைய வம்சங்கள் பெரும்பாலும் அழிந்திருந்தன, அதாவது உண்ணி வந்தபோது காட்டிலும் பேரழிவு நடந்திருக்கிறது. மிஞ்சியவற்றின் வாரிசுகள்தான் இன்றைய தேனீக்கள், பல மரபணுக்களில் மாற்றம் தெரிந்தது, உடம்பும் கொஞ்சம் சிறுத்திருந்தது.

இன்னொரு பகுதி வாழ்கிற விதம். காட்டில் கூட்டுக்கும் கூட்டுக்கும் ஒரு கிலோமீட்டர் போல இடைவெளி, நாம் பெட்டிகளை ஒட்டி ஒட்டி வைக்கிறோம், உண்ணி கொண்ட தேனீ தவறிப் பக்கத்துப் பெட்டிக்குள் நுழைவது சுலபம். பொந்து சின்னது, அதனால் கூட்டம் அடிக்கடி பிரிகிறது. பிரியும்போது புழு வளர்ப்பு சில நாள் நிற்கும், உண்ணிக்குப் பெருக இடம் இல்லாமல் போகும். இதைச் சோதிக்க 42 லிட்டர் பெட்டிகளையும் 168 லிட்டர் பெட்டிகளையும் மருந்தில்லாமல் வைத்துப் பார்த்தார்கள், முடிவு 2016இல் வந்தது. சின்னப் பெட்டிகளில் கூட்டம் அதிகம் பிரிந்தது, தேன் குறைவு, உண்ணி குறைவு, பிழைத்தவை அதிகம்.

உங்கள் இருபது பெட்டிக்கு இதை அப்படியே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. மருந்தை நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் கூடு சாகும், சாகும்போது அதன் உண்ணி பக்கத்தவர் பெட்டிக்குப் போகும். பெட்டிகளை நெருக்கி வைக்காமல் இடம் இருக்கிறவரை தள்ளித் தள்ளி வையுங்கள், வாசல்களை வேறு வேறு திசையில் திருப்புங்கள், எந்தக் கூடு மற்றதைவிடக் குறைந்த உண்ணியோடு தாக்குப்பிடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: எனக்குத் தேனீ ஆய்வு செய்ய ஆசை. பிளஸ் டூ படிக்கிறேன். என்ன படிக்கணும்?

சீலி கல்லூரியில் எடுத்தது வேதியியல், மருத்துவம் படிக்கத்தான் நினைத்திருந்தார். அதனால் பாடத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே தம்பி. உயிரியலோ வேளாண்மையோ கிடைத்தால் நல்லது, கணக்கை மட்டும் விட்டுவிடாதே. கொட்டினால் உடம்பு எப்படித் தாங்குகிறது என்பதை வீட்டில் பெரியவர்களோடும் டாக்டரோடும் பேசித் தெரிந்துகொண்டு, அப்புறம் பெட்டி வைத்திருக்கிற ஒருவரோடு ஒரு பருவம் முழுக்கக் கூடவே போ.

போகும்போது ஒரு நோட்டு எடுத்துக்கொள். தேதி, நேரம், வெயிலா மேகமா, வாசல் பார்த்த திசை, உள்ளே வருகிற தேனீக்களின் காலில் மகரந்தம் என்ன நிறம், ஒரு நிமிடத்தில் எத்தனை வந்தன. பென்சிலில் எழுது, மழை பட்டாலும் அழியாது.